66 கூப்பனும் என் பீரோவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பீரோ கதவை மூட முடியவில்லை. முழங்காலை முட்டுக் கொடுத்து அழுத்திப் பார்த்தேன், தோளை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கதவு மூடியது. கையை எடுத்ததும் ஒரு ஜீன்ஸ் பேன்ட் காலை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. சமையலறையில் இருந்து அம்மா குரல்: "துணிக்குப் பாத்திரம் குடுக்கறவர் வரட்டும், பாதியைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு குண்டான் வாங்கிக்கறேன்!"

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய நாள்தான் நான் நண்பனிடம் "மச்சான், காலேஜுக்குப் போட ஒரு நல்ல சட்டை இல்லடா" என்று புலம்பியிருந்தேன். உங்களில் பாதிப் பேருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பீரோ நிறையத் துணி, போட ஒன்றும் இல்லை.

(ஒரு சின்ன இடைச்செருகல். 'அலமாரி' நமக்குப் போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல். சாவி, மேசை எல்லாம்கூட அவர்கள் தந்தவையே. 'பீரோ' பிரெஞ்சு. அங்கே அதற்கு எழுதும் மேசை என்று பொருள். அந்த மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர்தான் முதலில் மேசைக்கு ஆகி, பிறகு அலுவலகத்துக்கும் ஆனது. துணியில் இருந்து கிளம்பிய சொல் ஊர் சுற்றி நம் வீட்டுக்கு வந்து மறுபடியும் துணிமேலேயே உட்கார்ந்துவிட்டது!)

அதே வாரம் கல்லூரியில் பொருளாதாரப் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட். இரண்டாம் உலகப்போர்க் கால ரேஷன் முறை பற்றி எழுத வேண்டும். ரோல் நம்பர் வரிசையில் தலைப்பு கொடுத்தார்கள். சர்க்கரை, வெண்ணெய், பெட்ரோல் எல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வந்தது துணி. "துணிக்குக்கூடவா ரேஷன்?" என்று கேட்டேன். எங்கள் மேடம் சிரித்தார், "போய்ப் படி" என்றார். படித்தேன். பத்து மதிப்பெண் அசைன்மென்டுக்காகப் படித்தது என் பீரோவையே காலி பண்ண வைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டனில் உணவு ரேஷன் 1940 ஜனவரியிலேயே வந்துவிட்டது. துணிக்கு வந்தது 1941 ஜூன் 1-ஆம் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை. வர்த்தக வாரியத்தின் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் காலையில் வானொலியில் வந்து, இந்த நிமிடத்தில் இருந்து துணிக்கு ரேஷன் என்று சொல்லிவிட்டார். கடை திறந்திருந்தால்தானே ஓடிப்போய் வாங்கிக் குவிக்க முடியும்! நம் ஊரில் ரூபாய் நோட்டு செல்லாது என்று இரவு 8 மணிக்கு அறிவித்தார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. புதுக் கூப்பன் புத்தகம் அச்சடித்தால் விஷயம் வெளியே கசிந்துவிடும் என்பதால், மக்கள் கையில் ஏற்கனவே இருந்த உணவு ரேஷன் புத்தகத்தில் பயன்படாமல் கிடந்த மார்கரின் கூப்பன்களையே துணிக்கும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டிக்குத் தடவுகிற மார்கரின் கூப்பனைக் கொடுத்துச் சட்டை!

சர்ச்சிலுக்கு இந்தத் திட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று லிட்டில்டன் பின்னாளில் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் துரத்திக்கொண்டிருந்த பரபரப்பில் சர்ச்சில் மூழ்கியிருந்தபோது சம்மதம் வாங்கிவிட்டாராம். அப்பா கிரிக்கெட் பார்க்கும்போது போய்ப் பணம் கேட்கிற டெக்னிக் உலகம் முழுக்க ஒன்றுதான் போல.

எதற்காக இந்த ரேஷன்? காரணம் எளிது. பஞ்சும் கம்பளியும் கப்பலில் வரவேண்டும், கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆலைகளும் ஆட்களும் போர் உற்பத்திக்குத் தேவைப்பட்டார்கள். நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஏதாவது ஒரு சீருடை போடும் நிலையில் இருந்தார்கள், அதற்கே துணி சரியாக இருந்தது. மிச்சம் இருந்த கொஞ்சத் துணியைச் சந்தைக்கு அப்படியே விட்டால் விலை ஏறும். ஏறினால் பணக்காரன் வாங்குவான், ஏழை வேடிக்கை பார்ப்பான். முதல் வருட எகனாமிக்ஸ் புத்தகத்தில் படித்த அதே தேவை-அளிப்புக் கோடுகள்தான். ஆனால் அந்தக் கோடுகள் வெட்டுகிற புள்ளிக்கு வெளியே நிற்பவன் குளிரில் நிற்கிறான்.

ஆகவே ஆளுக்கு வருடத்துக்கு 66 கூப்பன். ஆண்களுக்கான பட்டியலைப் பாருங்கள். கோட்டு 13, அதற்குள் போடும் வெயிஸ்ட்கோட் 5, கம்பளிப் பேன்ட் 8, ஓவர்கோட் 16, சட்டை 5, ஷூ 7, ஒரு ஜோடி சாக்ஸ் 3, டை 1, இரண்டு கைக்குட்டை சேர்ந்து 1. ஒருவன் ஒரு சூட், ஒரு ஓவர்கோட், ஒரு ஷூ, ஒரு சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு டை, கைக்குட்டை வாங்கினால் 62 போய்விடும். மிச்சம் இருக்கும் 4 கூப்பனில் உள்ளாடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தொப்பிக்கு மட்டும் கூப்பன் வேண்டாம். காசு இருந்தால் வருடம் முழுக்கத் தொப்பி வாங்கலாம்.

இதுவும் கூடக் குறைந்துகொண்டே போனது. மிக மோசமான காலம் போர் முடிந்த பிறகுதான் வந்தது. 1945 செப்டம்பரில் இருந்து 1946 ஏப்ரல் வரை எட்டு மாதத்துக்கு 24 கூப்பன். மாதத்துக்கு மூன்று, அதாவது ஒரு ஜோடி சாக்ஸ்.

இங்கேதான் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்த விஷயம் வருகிறது. கூப்பன் ஒரு இரண்டாவது விலை. கடையில் காசும் கொடுக்க வேண்டும், கூப்பனும் கொடுக்க வேண்டும். காசு விலை கடைக்குக் கடை மாறும். கூப்பன் விலை மாறவே மாறாது. மட்டமான ஓவர்கோட்டும் 16 கூப்பன்தான், லண்டனின் சாவில் ரோவில் அளவெடுத்துத் தைத்த ஓவர்கோட்டும் 16 கூப்பன்தான். ஆறு மாதத்தில் கிழிகிற ஷூவுக்கும் 7, ஆறு வருடம் உழைக்கிற ஷூவுக்கும் 7.

அப்படியானால் புத்திசாலி என்ன செய்வான்? மலிவானதைத் தொடவே மாட்டான். கூப்பன் வீணாகுமே! கையில் காசு இருந்தவர்கள் எல்லாரும் விலை அதிகமான, நீடித்து உழைக்கும் துணியாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். "இது மலிவு, கிடக்கட்டும்" என்ற வாக்கியத்துக்கே அங்கு வேலை இல்லாமல் போனது. காசு இல்லாதவன் கதை வேறு. அவனும் அதே 7 கூப்பனைக் கொடுத்து மட்டமான ஷூவைத்தான் வாங்க முடியும், அது கிழிந்ததும் அடுத்த ஷூவுக்குக் கூப்பன் இருக்காது. சமத்துவத்துக்காகக் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 'யுடிலிட்டி' துணித் திட்டம். என் கருத்தில் இந்தக் கதையிலேயே மிகவும் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான். துணியின் தரத்துக்கு அரசு அளவுகோல் வைத்தது. விலைக்கும் லாபத்துக்கும் உச்சவரம்பு போட்டது. 1942-இல் இருந்து விற்பனை வரியில் விலக்கும் கொடுத்தது. தரச் சின்னமாக 'சிசி 41' என்ற முத்திரை. இரண்டு ஆங்கில 'சி' எழுத்துகளை வெட்டிய பாலாடைக்கட்டி வட்டம்போல வரைந்திருப்பார்கள், மக்களும் அதைச் 'சீஸ்' என்றே கூப்பிட்டார்கள். அரசாங்கத் துணி என்றால் சாக்குப்பை மாதிரி இருக்குமோ என்று சனங்கள் பயந்ததால், ஹார்டி ஏமிஸ், நார்மன் ஹார்ட்னெல் போன்ற பெரிய வடிவமைப்பாளர்களைக் கூப்பிட்டு மாதிரிகள் வரையச் சொன்னார்கள். ஹார்ட்னெல் யார் தெரியுமா? ராணிக்கு உடை வடிவமைப்பவர். ராணியின் ஆள் வரைந்த வடிவத்தில் டைப்பிஸ்ட் பெண்ணும் உடுத்தலாம் என்று ஆனது.

கூடவே சில கெடுபிடிகளும் வந்தன. ஆண்கள் கோட்டில் இத்தனை பாக்கெட்டுக்கு மேல் கூடாது, இத்தனை பட்டனுக்கு மேல் கூடாது, பேன்ட் அடியில் மடிப்பு கூடவே கூடாது. குண்டு விழுவதைக்கூடப் பொறுத்துக்கொண்ட ஆண்கள் இந்த மடிப்பு விஷயத்தில் கொதித்துவிட்டார்கள்! தங்கள் உயரத்துக்கு மேல் நீளமான பேன்ட்டாகப் பார்த்து வாங்கி, வீட்டில் போய் அடியை மடித்துக்கொண்டார்கள். சட்டம் போட்டால் ஓட்டை கண்டுபிடிப்பது நம் ஊர்க் கலை மட்டும் இல்லை.

பெண்கள் பட்ட பாடு இதைவிட அதிகம். 1943-இல் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு அரசுக் கையேடு வந்தது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தைத்துக்கொள் என்று அர்த்தம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூலைச் சுருட்டி வேறு பின்னுவது, முழங்கையில் ஒட்டுப் போடுவது, போருக்குப் போன புருஷனின் சூட்டைப் பெண்கள் உடையாக மாற்றித் தைப்பது, இதெல்லாம் அன்றைய வீட்டுப் பாடம். காலுறை கிடைக்காமல், குழம்புக்கு நிறம் கொடுக்கும் பொடியைக் கரைத்துக் காலில் பூசிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். திருட்டும் கள்ளச்சந்தையும்கூட இருந்தன, எல்லாரும் புத்தர்களாக வாழ்ந்துவிடவில்லை. 1947-இல் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். அவருக்கே கூடுதலாக 200 கூப்பன்தான். நாடெங்கும் இருந்து பெண்கள் தங்கள் கூப்பனைத் தபாலில் அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்ட விரோதம் என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டுக்குள் அந்தச் சட்டம் யார் கண்ணில் படும்? வளரும் பிள்ளைக்கு ஷூ வேண்டும் என்றால் அம்மா தன் கூப்பனைக் கொடுத்தாள். பழைய கோட்டை இன்னொரு குளிர்காலத்துக்குப் போட்டுக்கொண்டாள். இந்த வரியை அசைன்மென்டில் எழுதும்போது சாதாரணமாகத்தான் எழுதினேன். இது எங்கே வந்து இடிக்கும் என்று அப்போது தெரியாது.

ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. இதே ஆண்டுகளில் இதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு மூலையில் நாமும் இருந்தோம். இந்திய ஆலைகள் ராணுவத்துக்கு நெய்துகொண்டிருந்தன. துணி விலை எகிறியது. ஏழைகளுக்கென்று 'ஸ்டாண்டர்ட் கிளாத்' என்று ஒரு மலிவுத் துணி கொண்டுவரப் பார்த்தார்கள். 1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த வருடம்தான் வங்காளப் பஞ்சம். சோற்றுக்குப் பஞ்சம் வந்ததை நாம் படித்திருக்கிறோம். பின்னாலேயே துணிப் பஞ்சமும் வந்தது. மானத்தை மறைக்கப் புடவை இல்லாமல் வீட்டை விட்டு வெளியே வரமுடியாத பெண்கள், இருக்கும் ஒரே புடவையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட குடும்பங்கள் பற்றியெல்லாம் பதிவுகள் இருக்கின்றன. லண்டனில் பேன்ட் மடிப்புக்காகச் சண்டை போட்ட காலம் அது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சரி, என் பீரோவுக்கு வருவோம்.

அசைன்மென்ட் முடிந்த இரவு ஒரு விபரீத ஆசை வந்தது. 1941 பட்டியலை வைத்து என் கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்ன? பி.காம். படிப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு! போன ஒரு வருடத்தில் வாங்கியதை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். ஆன்லைனில் வாங்கியதற்கு ஃபோனிலேயே வரலாறு இருக்கிறது. கடையில் வாங்கியதை ஞாபகத்தில் இருந்து எடுத்தேன். டி-ஷர்ட்டுக்கு அந்தக் காலப் பட்டியலில் இடமில்லை, சட்டைக்கு 5 என்றால் இதற்கு 4 என்று நானே வைத்துக்கொண்டேன். ஜீன்ஸ், பருத்திப் பேன்ட்டுக்கு 5.

சட்டை 9, அதற்கு 45. டி-ஷர்ட் 11, அதற்கு 44. பேன்ட் 6, அதற்கு 30. ஷூ 2 ஜோடி 14. சாக்ஸ் 5 ஜோடி 15. இன்டர்வியூவுக்கு என்று வாங்கிய டை 1. மொத்தம் 149.

66-க்கு 149! இரண்டேகால் வருடத்து ஒதுக்கீட்டை ஒரே வருடத்தில் முழுங்கியிருக்கிறேன். அத்தனைக்கும் "போட நல்ல சட்டை இல்லடா".

அடுத்து, இவற்றில் நான் உண்மையிலேயே திரும்பத் திரும்பப் போடுவதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். மூன்று சட்டை, நாலு டி-ஷர்ட், இரண்டு பேன்ட், ஒரு ஷூ, ஐந்து ஜோடி சாக்ஸும். கூட்டினால் 63. நம்பாமல் இரண்டு தடவை கூட்டினேன். 63 தான். 66-க்குள் மூன்று மிச்சம். 1941-இல் லண்டனில் இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

மிச்சம் 86 கூப்பன் துணி கட்டிலின் இன்னொரு பக்கம் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து "நீ எப்படி வந்தே?" என்று கேட்டேன். மஞ்சள் சட்டை: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில் வந்த அந்த இலவசம். பச்சை டி-ஷர்ட், இன்னொரு பச்சை டி-ஷர்ட்: எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் மூன்று 500 ரூபாய் என்றார்கள், எனக்குப் பிடித்தது ஒன்று, மூன்றாக்க வேண்டுமே என்று இன்னும் இரண்டு. கறுப்பு பேன்ட்: இடுப்பு ஒரு சைஸ் சின்னது, பாதி விலை, "எப்படியும் இளைச்சிருவேன்" என்று வாங்கினேன் (சிரிக்காதீர்கள்). ஷூ: இலவச டெலிவரிக்கு 300 ரூபாய் குறைந்தது, 45 ரூபாய் டெலிவரியை மிச்சப்படுத்த 1,100 ரூபாய் ஷூ!

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த 86 கூப்பன் குவியலில் முழு விலை கொடுத்து வாங்கியது அந்த டை மட்டும்தான். மற்ற எல்லாமே ஏதோ ஒரு தள்ளுபடி. இந்தப் பக்கம் 63-இல் பெரும்பாலானவை முழு விலை. ஆடித் தள்ளுபடியில் 1,200 ரூபாய் சட்டை 600 ஆகிறது. கூப்பன் கணக்கில் அது 5 தான், தள்ளுபடி நாளிலும் 5. பீரோவுக்குள் அது அடைத்துக்கொள்ளும் இடமும் பாதியாகக் குறைவதில்லை. கூப்பனோடு கடைக்குப் போனவன் முன்னால் ஒரே கேள்விதான் இருந்திருக்கும்: இதை நான் போடுவேனா? நான் கடையில் கேட்டுக்கொண்ட கேள்வி எப்போதும் வேறு: எவ்வளவு குறைத்திருக்கிறார்கள்?

காசுக் கணக்கும் போட்டேன். போடாத துணி ஏறக்குறைய 9,000 ரூபாய். என் செமஸ்டர் ஃபீஸைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி நான் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் போய்ப் பந்தி பரிமாறிச் சம்பாதித்தது. பாதி அப்பா கொடுத்தது.

பந்தி பரிமாறிய காசு என்றதும் மனசு ஒன்றையும் தூக்கிப் போட விடவில்லை. "600 குடுத்தது, இருக்கட்டும், எப்பவாவது போடலாம்." பாடத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போன காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். மஞ்சள் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஐந்து மதிப்பெண் உதவவில்லை.

63-இல் ஒரு சட்டை பற்றிச் சொல்ல வேண்டும். நீலக் கட்டம் போட்டது. அது ரெடிமேட் இல்லை. போன தீபாவளிக்கு அப்பா அவருக்குச் சட்டைத் துணி எடுக்கும்போது எனக்கும் இரண்டேகால் மீட்டர் கிழிக்கச் சொன்னார். கடைக்காரர் பத்து தான் எடுத்துப் போட்டார், வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம், கசக்கிப் பார்த்தோம். பிறகு எங்கள் தெரு டெய்லரிடம் அளவு. "காலர் எப்படி வேணும் தம்பி, பாக்கெட் ஒண்ணா ரெண்டா?" பதினைந்து நாள் கழித்து, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு, காஜா எடுக்கும் பையனோடு நின்று வாங்கி வந்தோம். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அதுதான் நான் அதிகமாகப் போடும் சட்டை. அப்பாவிடம் இருக்கிற எல்லாச் சட்டையும் இந்த வழியில் வந்தவைதான். அவரிடம் போடாத சட்டை என்று ஒன்றுகூட இல்லை.

அப்பா ஞாபகம் வந்ததும் அவர் கணக்கையும் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வருடம் அப்பா எடுத்தது இரண்டு சட்டை 10, ஒரு பேன்ட் 5, இரண்டு எட்டு முழ வேட்டி. வெறும் பருத்தித் துணிக்கு அந்தக் காலத்தில் கஜத்துக்கு 2 கூப்பன். எட்டு முழம் என்றால் நாலு கஜம், வேட்டிக்கு 8, இரண்டுக்கு 16. மொத்தம் 31. அம்மா எடுத்தது இரண்டு புடவை. அவர்கள் கணக்கு 36 அங்குல அகலத்துக்கு, புடவை அதைவிட அகலம், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆறு கஜத்துக்கு 12, ஜாக்கெட் துணி ஒரு கஜம் 2, ஆக ஒரு புடவை 14. இரண்டுக்கு 28. நைட்டியைச் சேர்க்கவில்லை, அது சித்தி கொடுத்தது.

மூன்று பேர் வீட்டுக்கு 198 கூப்பன். நாங்கள் வாங்கியது 149, 31, 28. கூட்டினால் 208.

அதாவது என் 66-ஐத் தின்று, அப்பாவிடம் மிஞ்சிய 35-ஐத் தின்று, அம்மாவிடம் மிஞ்சிய 38-ஐயும் தின்று, அதற்கு மேலும் 10 கடன். பழைய கோட்டோடு இன்னொரு குளிர்காலத்தை ஓட்டிய அந்த லண்டன் அம்மாவைப் பற்றி அசைன்மென்டில் ஒரு வரி எழுதினேன் இல்லையா? அந்த வரி எங்கள் வீட்டுச் சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தது.

பிரிட்டனில் துணி ரேஷன் 1949 மார்ச்சில் முடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1947 பிப்ரவரியில், பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் கஜக்கணக்கில் துணி பிடிக்கும் அகலப் பாவாடைகளைக் கொண்டுவந்திருந்தார். பிரிட்டிஷ் அமைச்சர்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் கேட்கவில்லை, பழைய பாவாடைக்கு அடியில் துணி ஒட்டி நீளமாக்கிக்கொண்டார்கள். இத்தனை வருடம் கூப்பனோடு இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பற்றாக்குறை யாரையும் ஞானி ஆக்கிவிடாது. ரேஷனை நான் விரும்பவும் இல்லை. அந்த இரண்டாவது விலைச்சீட்டு மட்டும் எனக்குத் தேவைப்பட்டது.

அதனால் ஒரு நோட்டில் 66 என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் வைத்துக் கொடுப்பது கணக்கில் வராது, தொப்பிக்குக் கூப்பன் கிடையாது. மற்றதெல்லாம் 1941 பட்டியல்படி. 86 கூப்பன் குவியலில் நல்லதாக இருந்தவற்றை ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேர் வந்து பொறுக்கிக்கொண்டார்கள் (கறுப்பு பேன்ட் ஒல்லிப்பிச்சான் ஒருவனுக்குக் கச்சிதமாக இருந்தது, வயிறு எரிந்தது). மிஞ்சிய எட்டு உருப்படியைப் பாத்திரக்காரரிடம் போட்டோம். அவர் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், டி-ஷர்ட்டை எல்லாம் ஒதுக்கினார், "பனியன் துணிக்கு மதிப்பு இல்லம்மா" என்றார். அம்மா பேரம் பேசினார். கடைசியில் ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டி. குண்டான் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நோட்டைக் காட்டி முழுக் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என்னோடது 38-ஐ நீ எடுத்திருக்கே?" என்றார். ஆமாம் என்றேன். "குடு திருப்பி" என்றார்.

போன ஞாயிறு மூன்று பேரும் கடைக்குப் போனோம். வாசலிலேயே தள்ளுபடி மேசை. பழக்க தோஷத்தில் அம்மா கை அங்கே போனது, இரண்டு புடவையைப் புரட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுவும் 14 தானா?"

"அதுவும் 14 தான்."

விட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம். கடைக்காரப் பெண் எடுத்துப் போட்டுப் போட்டுக் களைத்துவிட்டார். அப்பா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். கடைசியில் ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கிப் புடவை, அரக்குச் சிவப்பு, மயில்கழுத்து நிறத்தில் கரை. விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. பில் போடும் இடத்துக்குப் போகும் வரை அம்மா அதைக் கூடையில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.